கருக்கலைப்புச் சட்டம்: கேட்டவற்றுக்குப் பதில்

மட்டக்களப்பில் சட்டத்தரணியாக இருக்கிறேன். இந்தக் கிழமை வந்த கேள்விகளில் நான்கு.

வாழைச்சேனை: அக்கா, வல்லுறவால் தங்கிய கருவைச் சட்டப்படி கலைக்கலாமா?

முடியாது, தங்கச்சி. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே இடம் தருகிறது. மீறினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் இதற்குள் வருவார்.

கல்முனை: உரிமைச் சட்டம் வருது என்றார்களே?

உரிமை என்பது பெரிய சொல். 1995இல் வல்லுறவு, இரத்த உறவுக்குள் நடந்த தகாப்புணர்ச்சி, சிசுவின் பாரதூரமான குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்குக் கேட்ட சட்டமூலம் பாராளுமன்றம் வரை போய்த் திரும்பிவிட்டது. 2017இல் வல்லுறவுக்கும் பிழைக்க வழியில்லாத சிசுவுக்கும் அமைச்சரவை தலையாட்டியது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அதுவும் சட்டமாகவில்லை. பெண் கேட்டால் போதும் என்று இரண்டிலுமே இல்லை. இந்தச் சின்ன விலக்கைக்கூடக் கொடுக்க மனம் வராதது எனக்கு ஆத்திரம்தான்.

படுவான்கரையிலிருந்து வந்த ஒரு தாய் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஷொப்பிங் பையில் மடித்து வைத்திருந்தார். ஐந்தாம் மாதம், பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை. "எழுத்தில ஏதும் தர ஏலுமா, மிஸ்?" என்றார். தர என்னிடம் ஒன்றும் இல்லை. பத்து மாதமும் சுமந்தார். தெருவில் கண்டவர்களெல்லாம் "எப்ப நாள்?" என்று கேட்டார்களாம்.

காத்தான்குடி: மார்க்கத்தில் 120 நாளுக்குள் கலைக்கலாம் என்று சிலர் சொல்லும் கணக்கு இருக்கே, அது செல்லாதா?

நீதிமன்றத்தில் செல்லாது. தண்டனைச் சட்டக்கோவை எல்லாருக்கும் ஒன்றுதான். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள்.

அக்கரைப்பற்று: தோழி மாத்திரை போட்டுவிட்டாள். இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வருமா?

இதை வாசிக்க முதலே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்திருக்க வேண்டும்; அம்புலன்ஸ் இலவசம். மணித்தியாலத்துக்கு இரண்டு பேட் நனைகிறதென்றால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. என்ன மாத்திரை, எத்தனை, எப்போது என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும். கரு கலைந்த பின் சிகிச்சை பெறுவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. பொலிஸ் வந்து கேட்டால், சட்டத்தரணியோடு பேசிய பிறகு வாக்குமூலம் தருகிறேன் என்று சொல்லலாம். அது பிறகு பார்க்கிற வேலை. இப்போது வண்டியைக் கூப்பிடுங்கள்.