நிலம் பார்க்கும் வேலை: ராமநாதபுரத்துக் கேள்விகளும் பதில்களும்

வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது பள்ளிப் பிள்ளைகளைக் கண்மாய்க்கும் கடற்கரைக்கும் கூட்டிப்போகிறேன். நிலம், மேய்ச்சல், சுற்றுச்சூழல் கல்வி, இவற்றைப் பற்றிக் கேளுங்கள். மீன்வளத் துறை வேலைக்கு நான் ஆள் இல்லை.

பரமக்குடி, கல்லூரி மாணவி: அமெரிக்காவில் பெரிய மேய்ச்சல் பண்ணைகளில் நிலத்தைப் பராமரிக்கவும் பிள்ளைகளுக்கு இயற்கையைச் சொல்லித்தரவும் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்களாமே. நம்ம மாவட்டத்தில் உண்டா சார்?

அந்தப் பெயரில் இல்லைம்மா. அங்கே பல ஆயிரம் ஏக்கர் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும். ‘இதை மனை போட மாட்டோம்’ என்று நில அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறவர்களும் உண்டு. அந்தப் பத்திரத்தின்படி நிலம் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும், அதனால் வேலையும் உண்டு. இங்கே மேய்ச்சல் நிலம் என்பது புறம்போக்கும், கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் உள்வாயும், அறுத்துவிட்ட வயலும்தான். பெரிய கண்மாய் நீர்வளத் துறையிடம், சின்னது ஊராட்சி ஒன்றியத்திடம், பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறையிடம்.

ஆனால் அந்த வேலையைச் செய்கிற ஆள் இங்கே இருக்கிறார்: ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிப்போகும் கீதாரி. அறுப்பு முடிந்த வயலில் கிடை மறிக்கிறவரை, அதாவது ராத்திரிக்கு ஆடுகளை வயலில் அடைத்துவைக்கிறவரை, பக்கத்தில் இருந்து பார். நேற்று மறித்த இடத்தில் இன்று மறிக்க மாட்டார். புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுக்கச் சமமாக விழ வேண்டும் என்பது கணக்கு. குட்டிகளைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டுத் தாய் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவார். எந்தப் பொட்டலில் எப்போது புல் தலைகாட்டும், எந்த ஊருணியில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ராமநாதபுரம் வெள்ளை ஆடு இந்த வெயிலில் பிழைத்துக் கிடப்பதும் இப்படிப்பட்டவர்களால்தான். ஒரு வாரம் கிடையோடு நடந்துவிட்டு வா.

படிப்பு என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல், மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல். கடற்கரைப் பக்கம் ஆசை இருந்தால் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம். அதற்கு மேல் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம். எங்கேயும் ‘சீட் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவனிடம் ஒரு ரூபாய் கொடுக்காதே.

முதுகுளத்தூர்: வனக்காப்பாளர் ஆக என்ன வழி?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. பிளஸ் டூவில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வுக்குப் பின் நடைச் சோதனை: ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர். கோச்சிங்கில் உட்கார்ந்தே இருந்துவிட்டு நடையில் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய. இன்றைக்கே நடக்க ஆரம்பியுங்கள்.

சாயல்குடி: வேலிக்கருவையை, அதாவது சீமைக்கருவேலத்தை, அகற்றச் சொல்லி 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டது. 2022-இல் அயல் தாவரங்களுக்கு என்றே அரசு கொள்கை கொண்டுவந்தது. இந்த வேலையில் இறங்கினால் பிழைக்கலாமா?

வெட்டுவதோடு நிற்காவிட்டால் பிழைக்கலாம். மேலோடு வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும், வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் மண்ணில் கிடக்கிற விதை அடுத்த மழைக்கு முளைக்கும். ஆகவே ஆண்டுக்கணக்கில் கன்று பிடுங்க வேண்டும். வெட்டுக்கு டெண்டர் விடுகிறார்கள், பிடுங்குவதற்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவனே இந்தத் தொழிலில் நிற்பான்.

கமுதி, கருவை விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போடுபவர்: அண்ணே, மழை பொய்த்த வருஷம் எங்க அடுப்பு எதுல எரிஞ்சதுன்னு ஒருத்தரும் கேக்கலையே. கருவையை அழிச்சுட்டா எங்களுக்கு யாரு சம்பளம் தருவா?

நியாயமான கேள்வி தம்பி. மேலே கேட்டவர் பதில் சொல்லட்டும்.

சாயல்குடி: நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுதே?

கமுதி: உங்க வீட்டு போர் எத்தனை அடி? அது உறிஞ்சலையா?

திருப்புல்லாணி, ஆடு வளர்ப்பவர்: கோடையில கருவைக் காய் நெத்து இல்லேன்னா எங்க ஆடு என்னத்தத் திங்கும்?

தின்னட்டும். ஆனால் நெத்தைத் தின்ற ஆடு எங்கே புழுக்கை போடுகிறதோ அங்கே கருவை முளைக்கிறது, அதையும் சேர்த்துப் பேசுங்கள். என் கட்சி இதுதான்: கண்மாய் உள்வாய், வரத்துக்கால், ஓடை, இவற்றில் ஒரு தூர்கூட இருக்கக் கூடாது. பட்டா நிலத்தில் கரிக்கு வளர்க்கிறவன் வளர்க்கட்டும், வேலி தாண்டாமல். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியவை. அங்கே கருவை மரத்திலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. நாட்டுக்கருவேலம் வளர்ந்து கிளை பரப்பட்டும், அப்புறம் கருவையில் கை வைக்கலாம். முதலில் ஜேசிபியை இறக்கிவிட்டுப் பிறகு கன்று நடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

சாயல்குடி: அப்ப நீதிமன்ற உத்தரவு?

கரிமூட்டக்காரருக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை. அடுத்த கேள்வி.

தங்கச்சிமடம், ஆசிரியை: பள்ளியில் பசுமைப் படை இருக்கிறது, மரம் நடுவதோடு சரி. வேறு என்ன செய்யலாம்?

டீச்சர், உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கடல் உங்களைவிட நன்றாகத் தெரியும். படம் போட்டுக் காட்டி ஆரம்பிக்காதீர்கள். பாசி எடுக்கப் போகிற அம்மா ஒருவரை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். எந்த மாதம் பாசி எடுக்காமல் விடுகிறார்கள், ஏன் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அடுத்து காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து. வற்றுக் கடலில் போனால் சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாம்பன் குந்துகாலில் கடல்வாழ் உயிரின விளக்க மையமும் இருக்கிறது. தீவுகளுக்கு மட்டும் அனுமதி இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். 1986-இலிருந்து மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா.

தேவிபட்டினம்: ஆவுளியா காப்பகம் நம்ம மாவட்டத்தில்தானே? வேலை இருக்கா?

2022-இல் அறிவித்த கடற்பசுக் காப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் இருக்கிறது. அந்த மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள்.

திருவாடானை: வனக்காப்பாளர் வேலைக்கு என்ன படிக்கணும்?

முதுகுளத்தூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆர்.எஸ்.மங்கலம்: சுற்றுச்சூழல் கல்வியில் சம்பளம் வருமா சார்?

ஆரம்பத்தில் சொற்பம். தொண்டு நிறுவனத் திட்டப் பணம் நின்றால் சம்பளமும் நிற்கும். முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் மாவட்ட அளவில் ஆள் எடுத்தார்கள், மறுபடி அறிவிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். பி.எட். கையில் இருந்தால் நல்லது.

கீழக்கரை: ஒருத்தர் வனத்துறையில் நிரந்தர வேலை வாங்கித் தருகிறேன் என்று ஐம்பதாயிரம் கேட்கிறார்...

கொடுக்காதீர்கள்.

ராமநாதபுரம்: வனக்காப்பாளர் நடைச் சோதனைக்கு எங்கே பயிற்சி எடுக்கலாம்?

சக்கரக்கோட்டைக் கண்மாய்க் கரை. காலை ஐந்தரைக்கு. பறவை பார்க்கப் பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், ஆனால் திரும்பி வரும்போது மட்டும் எடுங்கள்.