விடுமுறையில் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்? பெற்றோரின் கேள்விகளும் ஓர் ஆசிரியையின் பதில்களும்

ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகள் ஓகஸ்ட் விடுமுறையில் எதை வாசிக்கலாம் என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். நான் முப்பத்தொரு வருடம் ஆரம்பப் பிரிவில் கற்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் ஊர் வாசிகசாலையில் சிறுவர் அலுமாரியைப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் எதை எடுக்கிறார்கள், எதை இரண்டாம் நாளே திருப்பித் தருகிறார்கள் என்பதைத் தினமும் பார்ப்பதால் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: ரீச்சர், மகன் தரம் 4. புத்தகம் வாங்கிக் கொடுத்தால் படம் பார்த்துவிட்டு மூடிவைக்கிறான். முழுதாக ஒன்றைக்கூட வாசித்ததில்லை. எங்கே தொடங்குவது? (கொக்குவிலிலிருந்து ஒரு தாய்)

பிள்ளை, முதலில் நீங்கள் வாங்கிக் கொடுத்த புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை அவனுடைய வயதுக்குச் சரியாக இருக்கும், அவனுடைய வாசிப்புக்குக் கடினமாக இருக்கும். வகுப்பில் நான் செய்த சோதனை ஒன்று உண்டு. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் அவன் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. இரண்டு மூன்று விரல் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். இதை அவனே தனியாகச் செய்யப் பழகிவிட்டால் புத்தகம் தெரிவு செய்வதில் பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது, நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எதற்கு வாசித்துக் காட்டுவது என்று நினைக்க வேண்டாம். அந்த வயதில் காதால் விளங்கிக்கொள்ளும் தமிழ் மிகுதி, கண்ணால் வாசிக்கக்கூடிய தமிழ் குறைவு. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள். தானாக வாசிக்க முடிந்த கதை குழந்தைத்தனமாகத் தெரிகிறது, பிடித்த கதையையோ வாசிக்க முடிவதில்லை. நீங்கள் குரல் கொடுத்தால் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடுவான்.

இதற்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’. அலெக்சாண்டர் ரஸ்கின் என்ற ரஷ்ய எழுத்தாளர், நோயில் படுத்திருந்த தன் மகளுக்குச் சொன்ன கதைகள் அவை. ஒவ்வொன்றும் சில பக்கம்தான். ஒரு கதையில், புத்தம் புதுப் பந்தை ஓடிவரும் காரின் அடியில் உருட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத் துடிக்கிறான் ஒரு பையன். இதைத் தரம் 4 வகுப்பில் வாசிக்கும்போது பந்து உருளும் இடத்தில் நான் நிறுத்துவேன். “வெடிச்சதா ரீச்சர்? வெடிச்சதா?” என்று பின்வாங்கில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றுவிடுவார்கள். அந்த இடத்தில் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

கேள்வி: மகளுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. விடுமுறையிலும் ரியூசன் இருக்கிறது. கதைப்புத்தகத்துக்கு நேரம் கொடுத்தால் பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. (காரைநகரிலிருந்து ஒரு தந்தை)

தம்பி, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. அந்தப் பயத்தோடு வந்த பெற்றோர் பலரை என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். வினாவை வாசித்து விளங்கிக்கொள்ள நேரம் போதாமல் தடுமாறும் பிள்ளைக்கு இன்னொரு மாதிரி வினாத்தாள் உதவாது. கதை வாசித்துப் பழகிய பிள்ளையின் கண் வரியில் ஓடும். பந்தியின் தலைப்பிலிருந்தே உள்ளே என்ன வரும் என்று ஊகிக்கும். கட்டுரை எழுதச் சொன்னால் அதன் கையில் சொல் இருக்கும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் கேட்கிறேன். படுக்கைக்குப் போகும் முன்னர், வினாத்தாளெல்லாம் மூடிவைத்த பிறகு.

ஆனால் அந்த இருபது நிமிடத்தையும் பாடமாக்கிவிட வேண்டாம். நானே அந்தப் பிழையைச் செய்தவள். தொடக்க காலத்தில் ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் கொப்பியில் ‘கதைச் சுருக்கம், கதை கூறும் நீதி, புதிய சொற்கள் பத்து’ என்று எழுதச் சொன்னேன். வாரம் இரண்டு புத்தகம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை மாதம் ஒன்றுக்கு வந்தாள், பிறகு எடுப்பதையே விட்டாள். காரணம் கேட்டேன். “எழுத வேணுமே, ரீச்சர்” என்றாள். அந்தக் கொப்பிகளை அன்றோடு நிறுத்தினேன். வருடங்கள் பல போய்விட்டன. அவளுடைய முகம் மட்டும் இன்றும் நினைவில் நிற்கிறது.

கேள்வி: கனடாவிலிருந்து பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் கோடை விடுமுறைக்கு வருகிறார்கள். பத்து வயதும் பன்னிரண்டு வயதும். தமிழ் நன்றாகக் கதைப்பார்கள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். என்ன கொடுக்கலாம்? (பருத்தித்துறையிலிருந்து ஓர் அம்மம்மா)

அம்மா, உங்களிடம் புத்தகத்தைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது, உங்கள் குரல். அதோடு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிறுவர் செந்தமிழ்’ என்ற தொகுப்பில் அவை இருக்கின்றன. அவர்கள் ஆடி மாதம் பிறக்கும் முன்னரே வந்துவிட்டால் இன்னும் நல்லது. “ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை” என்ற பாட்டை நீங்கள் பாடியே வளர்ந்திருப்பீர்கள். அந்தப் பாட்டு ஒரு சமையல் குறிப்பும்தான். பாசிப்பயறு வறுப்பதில் தொடங்கிக் கொழுக்கட்டையும் கூழும் எப்படி உருவாகின்றன என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஆடிப்பிறப்பன்று பாட்டைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பிள்ளை வரியை வாசிக்கட்டும், மற்றது அந்த வேலையைச் செய்யட்டும். பயறு வறுபடும் மணத்தோடு வாசித்த சொல்லைப் பிள்ளை மறக்காது.

‘கத்தரித் தோட்டத்து வெருளி’யும் அப்படித்தான். வாசித்த கையோடு தோட்டப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் உண்மையான வெருளி ஒன்றைக் காட்டுங்கள். சந்தத்தோடு வரும் பாட்டில் அடுத்த சொல் என்னவென்று காது முன்கூட்டியே சொல்லிவிடுவதால், எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு உரைநடையைவிடப் பாட்டு இலகு. தரம் 1 பாடப்புத்தகத்தை மட்டும் கொடுக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது அவமானமாக இருக்கும்.

கேள்வி: காமிக்ஸ் வாசிப்பதையும் வாசிப்பு என்று எடுக்கலாமா? (மானிப்பாய்)

எடுக்கலாம். இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள் பலர் இரும்புக்கை மாயாவியில் எழுத்துக்கூட்டிப் பழகியவர்கள். முத்து காமிக்ஸ் 1972இல் அந்தக் கதையோடுதான் தொடங்கியது. படத்தையும் வசனத்தையும் இணைத்து, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையில் நடந்ததைத் தானாக நிரப்பிக்கொள்வது சின்ன வேலை இல்லை. வயதுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்குப் பதினொரு வயது. கையில் கிடைப்பதையெல்லாம் வாசித்துவிடுகிறாள். இப்போது ‘பொன்னியின் செல்வன்’ கேட்கிறாள். கொடுக்கலாமா? வேறு என்ன கொடுக்கலாம்? (சாவகச்சேரி)

கேட்பவளுக்கு மறுக்க வேண்டாம். ஆனால் அது ஐந்து பாகம். முதலில் அதே கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ கொடுத்துப் பாருங்கள். அளவில் சிறியது, கதை விரைவாக நகரும். அதை முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்றால் வந்தியத்தேவனின் குதிரை அவளை ஏற்றிக்கொண்டு போகட்டும்.

இந்த வயதுக்கு என் மனத்துக்கு மிக நெருக்கமானது ‘டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதி 1981இல் வெளிவந்தது, தமிழிலும் கிடைக்கிறது. முதலாம் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி அவள். புதிய பள்ளிக்குப் போகிறாள். அங்கே பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். தலைமையாசிரியர் கொபயாஷி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொல்வதையெல்லாம் நான்கு மணி நேரம் கேட்கிறார். இந்தப் பக்கத்தை ஆசிரியையாக இருந்த காலத்தில் எத்தனை முறை வாசித்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த நாள் வகுப்பில் கொஞ்சம் குறைவாகக் கதைத்து, கொஞ்சம் கூடுதலாகக் கேட்டேன்.

முடிவில் அந்தப் பள்ளி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை அந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். பேச்சை மாற்றிவிடாதீர்கள். முடிந்தால் அடுத்த நாள் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் வைத்து இரவல் கொடுத்த புத்தகங்களிலிருந்து வளர்ந்தது, 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானது, பிறகு அதே இடத்தில் மீண்டும் எழுந்தது என்பதை அந்தப் படிகளில் இருந்துகொண்டே சொல்லுங்கள். பிறகு சிறுவர் பகுதிக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருங்கள்.

மார்ட்டின் விக்ரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய ‘மடோல் தூவ’வும் தமிழில் வந்திருக்கிறது. உபாலியும் ஜின்னாவும் வீட்டைவிட்டு ஓடிப்போய் ஆளில்லாத் தீவில் குடியேறும் கதை. சிங்களப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாசித்து வளரும் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைப் பலர் இந்த வயதுக்குப் பரிந்துரைக்கிறார்கள். அருமையான படைப்பு. ஆனால் அதில் அந்தச் சிறுமி தன் மேலேயே பரிசோதனை செய்துபார்த்து இறந்துபோகிறாள். முதலில் நீங்கள் வாசித்து, உங்கள் மகளுக்குத் தாங்குமா என்று முடிவு செய்யுங்கள். கொடுப்பதென்றால் அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் இருங்கள்.

கேள்வி: ஆங்கிலப் புத்தகம் வாசிக்க வைப்பது எப்படி? (திருநெல்வேலி)

தமிழில் வாசிக்கும் அளவைவிட இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். பிரதம் புக்ஸ் நடத்தும் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் சிறுவர் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதுண்டு. முதலில் தமிழில் வாசித்துவிட்டால், ஆங்கிலத்தில் வாசிக்கும்போது கதையைத் தேடி அலைய வேண்டாம், சொல்லை மட்டும் பிடித்தால் போதும்.

கேள்வி: தீவுப் பகுதிப் பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன். நூலகம் என்று சொல்ல ஓர் அலுமாரி, அதில் சிறுவருக்கு ஏற்றது இருபது புத்தகம்கூட இல்லை. விடுமுறைக்கு என்ன செய்யலாம்? (நெடுந்தீவு)

தங்கச்சி, குறிகட்டுவானில் படகு ஏறி ஒவ்வொரு புத்தகமாகக் கொண்டுவர முடியாது என்பது தெரியும். இருக்கிற புத்தகங்களை நான்கு பெட்டியில் நாலைந்தாகப் போடுங்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி. அதைப் பிள்ளை ஒருவரின் வீட்டுத் திண்ணையிலோ சனசமூக நிலையத்திலோ வையுங்கள். வாரம் ஒருமுறை பெட்டிகள் இடம் மாறட்டும். நான்கு வாரத்தில் எல்லாப் பெட்டியும் எல்லோரிடமும் வந்துபோய்விடும். பெட்டிக்குள் ஒரு கொப்பி போட்டு, பிடித்தவர் பிடித்த புத்தகத்துக்கு நேரே பெயர் எழுதட்டும். வேறொன்றும் எழுதச் சொல்ல வேண்டாம்.

இணையம் கிடைக்கும் இடத்தில் ‘நூலகம்’ தளத்தைத் திறந்து பாருங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் இலவசமாகத் தருகிறார்கள். சிறுவர் நூல்களும் அதில் உண்டு.

உங்கள் தீவில் எழுதப்படாத புத்தகங்களும் இருக்கின்றன. அந்தக் காட்டுக் குதிரைகளைப் பற்றியும், பவளக்கல் அடுக்கிய வேலிகளைப் பற்றியும் அப்பப்பாமாரிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். தாளை மடித்து நூலால் தைத்து, அட்டை போட்டு, பெயரும் விலையும் எழுதி அதே பெட்டியில் வையுங்கள். தன்னுடைய வகுப்புத் தோழன் எழுதியதை எடுத்து வாசிக்காத பிள்ளையை நான் கண்டதில்லை.

கேள்வி: ஒரு புத்தகம் பாதியிலேயே அலுத்துவிட்டது. அதை முடித்தால்தான் புதிது தருவேன் என்கிறார் அம்மா. பாதியில் விடலாமா, ரீச்சர்? (தரம் 5 மாணவன், அளவெட்டி)

விடலாம், அப்பு. முப்பது பக்கம் நேர்மையாக வாசித்துப் பார்த்தாயா? பார்த்திருந்தால் போதும். ஓர் ஓலை நறுக்கை அந்தப் பக்கத்தில் வைத்து மூடிவிடு. என் அலுமாரியில் அப்படி ஓலையோடு திரும்பிவந்த புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. சிலவற்றை அதே பிள்ளைகள் அடுத்த வருடம் வந்து, ஓலை இருந்த இடத்திலிருந்து வாசித்து முடித்திருக்கிறார்கள்.

இந்தப் பதிலை அம்மாவுக்குக் காட்டு. அம்மா, தயவுசெய்து புதிய புத்தகத்தைக் கொடுங்கள்.

எந்த இடத்தில் அலுத்தது என்று மட்டும் எனக்கு எழுதி அனுப்பு. அதைப் பார்த்து அடுத்ததை எடுத்துவைக்கிறேன்.