படி ஏறினால் எலும்பு வலுப்படுமா, முட்டி தேயுமா?

கேள்வி: எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் முதுகெலும்பில் டி-ஸ்கோர் மைனஸ் 1.8, இடுப்பில் மைனஸ் 1.3 என்று வந்திருக்கிறது. “நன்றாக நடங்கள், படி ஏறுங்கள்” என்றார் மருத்துவர். அலுவலகம் நான்காவது மாடியில் இருக்கிறது. ஆனால் படி ஏறினால் முட்டி தேய்ந்துவிடும் என்று என் அக்கா பயமுறுத்துகிறார். ஏறும்போது முட்டியில் சத்தம் வருகிறது, வலி இல்லை. ஏறலாமா? எத்தனை முறை? எலும்புக்கு அது மட்டும் போதுமா?

பதில்: தாராளமாக ஏறலாம். ஆனால் எலும்புக்கு அது மட்டும் போதாது.

முதலில் முட்டி. வலியோ வீக்கமோ இல்லாத சத்தத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பலருக்கும் வருவதுதான். உங்கள் அக்கா சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. சமதளத்தில் நடக்கும்போது முட்டிச் சில்லின் பின்புறம் விழும் அழுத்தம் உடல் எடையில் சுமார் பாதி. படியில் அது எடையைப் போல் 3 மடங்கு வரை போகும். அதற்காக அங்குள்ள குருத்தெலும்பு வண்டி டயர் மாதிரி ஓட ஓடத் தேய்ந்துகொண்டே போவதில்லை. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. அமுங்கி விரியும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. ஆகவே அளவான சுமை அதற்கும் தேவை. ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் இருந்து வலிக்கிறது என்றால் கணக்கு வேறு. அப்போது முன்தொடைத் தசையைத் தனியாக வலுப்படுத்திவிட்டுப் படிக்கு வரலாம்.

ஏறும் விதமும் முக்கியம். முன்பாதத்தை மட்டும் விளிம்பில் ஊன்றாமல் முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல் கால்விரல்களின் நேரே இருக்கட்டும். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து லேசாக முன்னே சாய்ந்தால் பிட்டத் தசை வேலையில் பங்கெடுக்கும், முட்டியின் பாரம் குறையும். கைப்பிடியைப் பிடித்து உடலை இழுத்துக்கொண்டு ஏறுவதில் பலன் குறைவு. கை அதன் மேல் வழுக்கிக்கொண்டே வந்தால் போதும்.

இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது வாங்குவதில்லை, அதனால் அதில் பலனில்லை என்று நினைத்துவிடுகிறோம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமனுள்ள வயதான பெண்கள் 30 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு படியில் ஏறி லிப்டில் இறங்கியது, மற்றது லிப்டில் ஏறிப் படியில் இறங்கியது. 12 வாரம் கழித்துக் கால் பலத்தில் இறங்கிய குழுதான் அதிகம் முன்னேறியிருந்தது. எலும்பு அடர்த்தியிலும் அப்படியே என்றது ஆய்வு. கால் பலம் பற்றிய முடிவை நம்புகிறேன். எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒரு சுற்றே 3 முதல் 6 மாதம் எடுக்கும் என்பதால், எலும்பு பற்றிய முடிவைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறேன்.

ஆனால் விழுவதும் இறங்கும்போதுதான் அதிகம். ஒருமுறை போனைப் பார்த்துக்கொண்டே இறங்கி, படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கடைசிப் படியில் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டவன் நான். பைஃபோகல் கண்ணாடி போடுகிறீர்களா? அதன் கீழ்ப்பகுதி வழியே பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். தலையைக் குனிந்து மேல்பகுதி வழியாகப் பாருங்கள். பின்பட்டை இல்லாத செருப்பும், இரண்டு கையிலும் பையும் வேண்டாம்.

சரி, எலும்புக்கு வருவோம். டி-ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண். அது மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையே இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதாவது அடர்த்திக் குறைவு. நீங்கள் இங்கே இருக்கிறீர்கள். மைனஸ் 2.5ஐத் தொட்டால் எலும்புப்புரை. எலும்புக்குள் இருக்கும் செல்கள் சுமையை உணர்ந்து, எங்கே கட்ட வேண்டும், எங்கே கரைக்கலாம் என்று தகவல் அனுப்புகின்றன. சுமையே இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கும் மேல் அடர்த்தி இழப்பது இதனால்தான். படி ஏறுவது நடப்பதைவிட அதிகச் சுமை தருகிறது. ஆனால் அது விழுவது கால்களிலும் இடுப்பிலும். உங்களுக்கு அதிகம் குறைந்திருப்பதோ முதுகெலும்பில். தவிர, தினமும் ஒரே மாதிரி வரும் சுமைக்கு எலும்பு பழகிவிடும்.

அதனால் வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி சேருங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளும் தண்டால், ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது, குப்புறப் படுத்து மார்பை லேசாக உயர்த்துவது. இவற்றைத் தொடங்கும்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. படியால் எலும்பு எவ்வளவு கூடும் என்பதைவிட, கால் பலம் கூடித் தடுமாறாமல் இருப்பதுதான் உங்களுக்குப் பெரிய லாபம் என்பேன். எலும்பு பெரும்பாலும் முறிவது விழும்போதுதானே.

இதயத்துக்கும் நல்லதுதான். 1953இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தபோது, நாள் முழுக்க ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் அதிகம் என்று கண்டார்கள். பிறகு சீருடை அளவுகளைப் பார்த்தபோது ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்ததும் தெரிந்தது. ஆகவே முழுப் புகழும் படிக்கே போகாது. எடை குறையுமா என்று கேட்பீர்கள். 60 கிலோ உள்ளவர் ஒரு மாடி ஏறினால் செலவாவது சுமார் 2 கலோரிதான்.

எத்தனை முறை? முதல் இரண்டு வாரம் ஒரு தடவைக்கு ஒரு மாடி, நாளுக்கு மூன்று நான்கு தடவை. மீதி உயரத்துக்கு லிப்ட் இருக்கட்டும். அப்புறம் இரண்டு மாடி. இரண்டு மாதத்தில் நான்காவது மாடிக்கு நிற்காமல் போய்விடலாம். சிறு சிறு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். மறுநாளும் முட்டி வலித்தாலோ வீங்கினாலோ பாதியாகக் குறையுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் அங்கேயே உட்கார்ந்து உதவி கேளுங்கள். இதயநோயோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்காதீர்கள். அதற்குள் வரும் வித்தியாசம் இயந்திரத்தின் பிழை அளவுக்குள்தான் இருக்கும். ஒரு வருடமாவது போகட்டும். அப்போது இதே இயந்திரத்திலேயே எடுங்கள்.