சென்னைப் ‘பரிசோதனை மருந்துக்கு’ முன்பணம் கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. மஹரகம அரசுப் புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ தொடங்கலாம் என்கிறார்கள். சென்னையில் பரிசோதனை மருந்து இருப்பதாகவும், முன்பணம் கட்டினால் இடம் எடுத்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். வெள்ளவத்தை ஃபிளாட்டை விற்கட்டுமா? நிலையான வைப்பிலும் கொஞ்சம் இருக்கிறது. – வாசகி, கொழும்பு 6

பதில்: ஃபிளாட்டை இப்போது தொடாதீர்கள் மகள். முன்பணமும் வேண்டாம். முறையான மருத்துவப் பரிசோதனையில், சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. யாரைச் சேர்ப்பது என்பதை அந்த ஆய்வின் வைத்தியர்களே தீர்மானிப்பார்கள். தரகருக்கு அங்கே வேலையில்லை. இந்தியாவில் நடக்கும் பரிசோதனைக்கு சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) எண் இருக்கும். அதைக் கேளுங்கள். தந்தால் மஹரகம வைத்தியரிடம் காட்டுங்கள். மழுப்பினால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

அவர் சொல்வது ஏற்கெனவே விற்பனையில் உள்ள புது மருந்தாகவும் இருக்கலாம். பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு என்ஃபோர்டுமாப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமாப் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது: நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் கீமோவில் 16.1 மாதம், இந்த இணைப்பில் 31.5 மாதம். பெரிய வித்தியாசம்தான், நம்பிக்கை வைப்பதில் தவறில்லை. ஆனால் எல்லாப் புது மருந்தும் நிலைப்பதில்லை. சாசிடுசுமாப் கோவிடெகான் என்ற மருந்துக்கு இதே நோய்க்காக அமெரிக்கா 2021இல் துரித அனுமதி கொடுத்தது. அடுத்த பெரிய ஆய்வு கைகொடுக்காததால் 2024இல் அந்த அனுமதி மீளப்பெறப்பட்டது.

விலை கேட்கும்போது ஒரு குப்பிக்குக் கேட்காதீர்கள், 21 நாள் சிகிச்சைச் சுற்றுக்குக் கேளுங்கள். அப்பா 60 கிலோ என்றால் என்ஃபோர்டுமாப் ஒரு தடவைக்கு 75 மில்லிகிராம். குப்பிகள் 20, 30 மில்லிகிராமில் வருவதால் மூன்று உடைக்க வேண்டும். சுற்றுக்கு இரண்டு தடவை, ஆறு குப்பி. பெம்ப்ரோலிசுமாப் இன்னும் இரண்டு. நோய் கட்டுக்குள் இருந்தால் இது பல மாதம் தொடரலாம். இரண்டு சுற்றோடு பணம் தீர்ந்து நிற்பதுதான் எனக்குப் பயம்.

காசு தேடும் அலைச்சலில் மஹரகம கீமோ பிந்தக்கூடாது, அது இலவசம். வைத்தியச் செலவு உதவிக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். அம்மா இருந்தால், அவருடைய இரண்டு வருடச் செலவை வைப்பிலிருந்து முதலில் ஒதுக்குங்கள். புது மருந்துதான் என்று முடிவானால், பலன் தெரியும் முதல் ஸ்கேன் எத்தனையாவது சுற்றில் என்று கேட்டு, அதுவரைக்கான தொகையை மட்டும் எடுங்கள். ஃபிளாட்டைப் பற்றி அந்த ஸ்கேன் வந்த பிறகு எழுதுங்கள்.