வேப்பிலையும் வெண்கடுகும்: வாசகர் கேள்விகள்

போன இதழில் பேச்சோடு பேச்சாக “உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன்” என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிலர் திட்டியிருக்கிறார்கள், பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கேள்வி: ஐம்பூதங்களோடு இசைந்து மந்திரம் பழகுவது பற்றி வீடியோக்களில் பார்த்து ஆசை வந்திருக்கிறது. படிகக் கல், வெளிநாட்டு இலைக் கட்டு, நாலு நிற மெழுகுவர்த்தி எல்லாம் சேர்த்து 3,500 ரூபாய்க்குப் பெட்டியாக விற்கிறார்கள். வாங்கலாமா? எங்கிருந்து தொடங்குவது? – வாசகி, வேளச்சேரி

வாங்காதீர்கள். அந்த இலைக் கட்டு அநேகமாக ஒயிட் சேஜ். தென் கலிபோர்னியாப் பக்கம் வளர்வது, அங்கே உள்ள பழங்குடி மக்கள் தங்கள் சடங்குகளில் புகைப்பது. காட்டில் திருட்டுத்தனமாக அறுத்து உலகம் பூராவும் விற்கிறார்களே என்று அவர்களே வயிறெரிந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதை வேளச்சேரியில் கொளுத்தி இயற்கையோடு எப்படி இசைவது?

எங்கள் அப்பத்தாவிடம் பெட்டியெல்லாம் கிடையாது. ஊரில் எந்தக் குழந்தை வீறிட்டு அழுதாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வரும் வழியிலேயே முச்சந்தியில் குனிந்து ஒரு சிட்டிகை மண், வேலியோர வேம்பில் ஒரு கொத்து, அந்த வீட்டு அடுப்படியிலிருந்தே கல்லுப்பும் வரமிளகாயும், அவ்வளவுதான் சாமான். குழந்தையைக் கிழக்கு பார்க்க உட்கார வைத்து, மூன்று சுற்று இப்படி, மூன்று சுற்று அப்படி, “ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு” என்று முணுமுணுத்துக்கொண்டே போய் அடுப்பில் போடுவார். மண், இலை, தீ, புகை, கடைசியில் கை கால் கழுவத் தண்ணீர். ஐம்பூதம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை, ஆனால் எல்லாம் அதில் இருந்தது.

இது எவ்வளவு பழசு என்று கேட்டால், புறநானூற்றில் அரிசில் கிழார் பாடிய 281ஆம் பாட்டைப் பாருங்கள். போரில் புண்பட்டு வந்தவனைக் காக்க வீட்டில் வேப்பிலையும் இரவம் என்ற மரத்தின் இலையும் செருகுகிறார்கள், ஐயவி சிதறுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், வீடு முழுக்க நறும்புகை போடுகிறார்கள். ஐயவி என்பது வெண்சிறுகடுகு. இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடையில் போய் “வெண்கடுகு குடுங்க, சாம்பிராணியோட போட” என்றால் மறுபேச்சில்லாமல் பொட்டலம் கட்டித் தருவார். மிளகாய்தான் புதுசு! அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துக்கீசியர் வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் நம் பக்கம் வந்தது. காரமாக இருந்ததால் மிளகின் பேரையே காயோடு ஒட்டவைத்து உள்ளே சேர்த்துக்கொண்டோம், அப்புறம் அடுப்படியிலிருந்து திருஷ்டிக்கும் போய்விட்டது. ஆக, கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வதுதான் இந்த வித்தையின் பழக்கமே. உங்கள் தெருவில் எந்த மரம் நிற்கிறது, அது எந்த மாதம் பூக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். செலவு இல்லை.

கேள்வி: சுற்றிப் போட்ட மிளகாய் நெடி அடிக்கவில்லை என்றால் கடும் கண்ணேறு என்கிறார்களே, உண்மையா? – வாசகர், திண்டுக்கல்

எனக்கும் சின்ன வயதில் இந்தச் சந்தேகம் உண்டு. ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம், யாரையும் சுற்றாமல் சும்மா நாலு மிளகாயை விறகடுப்பில் போட்டுப் பார்த்தேன். தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது, பட்பட் என்று வெடித்துக் கருகிப் போனது, நெடியே இல்லை. அப்புறம் தீ அணைந்து வெறும் தணலாகக் கிடந்தபோது இன்னும் நாலு போட்டேன். இருமி இருமிக் கொல்லைப்புறம் ஓடினேன், பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் இருமிக்கொண்டே “என்னடி பண்ற?” என்று வந்துவிட்டார். கொழுந்து நன்றாக எரிந்தால் காரமும் சேர்ந்து எரிந்துபோகும், தணலில் புகைந்தால்தான் அது காற்றில் கிளம்பும். விஷயம் அவ்வளவுதான்.

இதே மாதிரி ஆரத்தி. மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பாக மாறுவது மஞ்சளின் குணம், சுண்ணாம்பின் காரத்தன்மை பட்டால் அது நிறம் மாறும். தெரிந்த பிறகும் அந்தச் சிவப்பு கிண்ணத்தில் பரவுவதைப் பார்க்க எனக்கு இன்னும் பிடிக்கும்.

கேள்வி: ஈரோட்டில் இருந்தவரை போகியன்று காப்புக்கட்டு தவறியதில்லை. இப்போது சென்னை அடுக்குமாடியில் இருக்கிறோம், பூளைப்பூ எங்கே கிடைக்கும் என்றே தெரியவில்லை. பிளாஸ்டிக்கில் விற்பதைக் கட்டலாமா? – வாசகி, மேடவாக்கம்

பிளாஸ்டிக் காப்புக்கட்டா! சாமி, இதையும் செய்துவிட்டார்களா.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மார்கழி கடைசி நாள், கொங்குப் பக்கமும் சேலம், தருமபுரிப் பக்கமும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சின்னக் கட்டாகக் கட்டி வீட்டு முகப்பில், மாட்டுக் கொட்டகையில், கிணற்றடியில், காட்டு மூலையில் எல்லாம் செருகுவோம். சில வீடுகளில் மாவிலை, தும்பை, பிரண்டையும் சேரும். நாங்கள் விடிவதற்குள் பறிக்கப் போவோம். பூளைச் செடி முழங்கால் உயரம்கூட இருக்காது, வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரிப் பூ, அதில் பனி தங்கி, பிடுங்கும்போது கையெல்லாம் ஈரமாகும். சிறுபீளை என்பதும் இதுதான், சிறுநீரகக் கல்லுக்கு நாட்டு வைத்தியத்தில் கஷாயம் வைப்பார்களே, அதே செடி. ஆவாரை காய்ந்த தரையில் மஞ்சளாய் நிற்கும். மூன்றுமே யாரும் தண்ணீர் ஊற்றாமல் புறம்போக்கிலும் வரப்போரத்திலும் தானாக வளர்பவை. அறுவடை வீட்டுக்கு வரும் நேரத்தில், வேலியோரத்தில் நின்றதைக் கூப்பிட்டு வாசலில் காவலுக்கு நிறுத்துகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

இதற்கு மந்திரம் கிடையாது, பூசாரி கிடையாது. பூளை கிடைக்கவில்லை என்றால் வேப்பிலையை மட்டும் கட்டுங்கள். மேடவாக்கத்தில் காலி மனை ஏதாவது மிச்சம் இருந்தால் மார்கழியில் ஒரு நடை போய்ப் பாருங்கள், பூளை பல இடங்களில் களையாகவே முளைக்கிறது, பெயர் தெரியாமல் மிதித்துக்கொண்டு போகிறோம். காய்ந்ததும் எடுத்துத் தொட்டி மண்ணில் போட்டுவிடலாம். பிளாஸ்டிக்கை எங்கே போடுவீர்கள்?

கேள்வி: மூலிகை பறிக்குமுன் சாப நிவர்த்தி செய்ய வேண்டும், காப்பு கட்ட வேண்டும், நகம் படக்கூடாது என்கிறார்கள். இதெல்லாம் அவசியமா? – வாசகர், தென்காசி

செடிக்கு அவசியமா என்று கேட்டால் தெரிந்த பதில்தான். பறிக்கிறவனுக்கு அவசியம் என்று நினைக்கிறேன். முதல் நாளே போய் மஞ்சள் நூல் கட்டி, நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, மறுநாள் விடியலில் இன்ன திசை வேரை மட்டும், இரும்பு படாமல் எடு என்றால், ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை செடியைத்தான் பிடுங்க முடியும்? கோயில் காடுகளில் சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது என்று இருந்ததும் இந்த வகைதான்.

இப்போது ஆகாசகருடன் கிழங்கைப் பாருங்கள். வாசலில் கட்டித் தொங்கவிட்டால் மண்ணும் தண்ணீரும் இல்லாமலே கொடி விடுகிறது, அதனால் சக்தி என்று சாக்குச் சாக்காகக் காட்டிலிருந்து தோண்டி வருகிறார்கள். கிழங்கு தன்னிடம் சேர்த்து வைத்த ஈரத்தையும் மாவையும் தின்று துளிர்க்கிறது, தீர்ந்ததும் சுருங்கிச் செத்துப்போகிறது. ஆசையாக இருந்தால் ஒன்றை வாங்கி மண்ணில் நட்டுக் கொடி ஏற்றுங்கள். காப்பு கட்டிக் கும்பிட்டு எடுத்த பழைய வைத்தியர் இந்தச் சாக்கு மூட்டையைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன், எழுத முடியாத வார்த்தைதான் வருகிறது.

கேள்வி: பணவரவுக்கு ‘ஹத்தா ஜோடி’ வேர் வாங்கலாமா? – வாசகர், கோவை

அது வேரே இல்லை. உடும்பைக் கொன்று அதன் ஆண் உறுப்பை உலர்த்தி, கைகூப்பிய வேர் என்று சொல்லி விற்கிறார்கள். உடும்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பணம் வருவதற்கு முன் வழக்கு வரும். நரிக்கொம்பும் அப்படித்தான், நரிக்கு ஏது கொம்பு? தேவாங்கை இந்த மாந்திரீக ஆட்கள் படுத்திய பாடு தனிக் கதை. பெரிய கண்ணும் மெதுவான நடையும் இருப்பதே அதற்குப் பாவமாகிவிட்டது. பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு நல்லது செய்கிற பிராணி அது. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. ஒரு உயிரைப் பிடித்து, அறுத்து, உலர்த்திச் செய்கிற எதையும் இயற்கை மந்திரம் என்று என்னிடம் கேட்டு எழுதாதீர்கள்.

கேள்வி: நாத்தனார் செய்வினை வைத்துவிட்டார் என்று சந்தேகம். எடுக்க 40,000 ரூபாய் கேட்கிறார்கள். – பெயர் வேண்டாம், மதுரை

கொடுக்காதீர்கள் தங்கச்சி. அந்தப் பணத்தில் நாத்தனாருக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாலும் 38,000 மிச்சம்.

கேள்வி: எங்கள் ஊரில் பாம்புக்கடிக்கு மந்திரிப்பவர் இருக்கிறார். பலர் பிழைத்திருக்கிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியுமா? – வாசகர், கிருஷ்ணகிரி

பிழைத்தவர்கள் பலர் விஷமில்லாத பாம்பு கடித்தவர்கள், அல்லது விஷப்பாம்பே கடித்தும் விஷம் இறங்காதவர்கள். இறந்தவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை. கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலிகூட இருக்காது, தூக்கத்தில் கடித்தது தெரியாமலே மூச்சு நின்றவர்கள் உண்டு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருபவர்கள் யார் தெரியுமா? பாம்பையும் மூலிகையையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த இருளர்கள்தான், மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. மந்திரிப்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், 108 வண்டியில் கூடவே ஏறி ஆஸ்பத்திரி போகிற வழியில் மந்திரிக்கட்டும்.

உள்ளே சிக்கியிருக்கிறது என்று சொல்லித் தொக்கம் எடுப்பது, குழந்தைக்குக் குடல் தட்டுவது, காமாலைக்குச் சூடு போடுவது, இவற்றைக் கேட்ட மற்ற நாலு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வேண்டாம்.

கேள்வி: கழுதைக்குக் கல்யாணம் செய்தால் மழை வருமா? – வாசகர், புதுக்கோட்டை

கழுதைக்குத் தெரிந்தால் சொல்லும். எனக்குப் பிடித்தது மழைச்சோறுதான். வானம் பொய்த்த வருஷம் பெண்கள் கூட்டமாக வீடு வீடாகப் போய் உப்பில்லாத கஞ்சியும் சோறும் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பொது இடத்தில் உட்கார்ந்து உண்பார்கள், ஊரை விட்டே போகிறோம் என்று ஒப்பாரி வைப்பார்கள். அன்றைக்கு எந்த வீட்டுப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். இருப்பவர் வீட்டுச் சோறும் இல்லாதவர் வீட்டுக் கஞ்சியும் ஒரே சட்டியில். மழை வந்ததோ இல்லையோ, அன்று ராத்திரி யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று அப்பத்தா சொல்வார்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா? – வாசகி, தஞ்சாவூர்

போன வாரம் மஸ்கட்டிலிருந்து மருமகள் வீடியோவில் கூப்பிட்டாள். பேத்திக்கு ராத்திரியெல்லாம் அழுகை. “காய்ச்சல் பார்த்தாயா?” என்றேன். “பார்த்தாச்சு அத்தை, டாக்டர்கிட்டேயும் போயாச்சு, ஒண்ணும் இல்லையாம். நீங்க சுத்திப் போடுங்க.” “இங்கிருந்து எப்படிடி?” “போனைச் சுத்துங்க.”

கல்லுப்பை எடுத்து, திரையில் தெரிந்த அந்த அழுத முகத்தை மூன்று சுற்று இப்படி, மூன்று சுற்று அப்படிச் சுற்றினேன். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு வரை வந்தது, அதற்குள் பேத்தி அழுகையை நிறுத்திவிட்டு, பாட்டி என்ன செய்கிறாள் என்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன். செடிக்கு ஊற்றாதீர்கள், கருகிவிடும்.