நுழைவுச்சீட்டில் அடங்காத கணக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நுழைவுச்சீட்டு வருமானத்தில் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பழஞ்சின்னங்களுக்கு வரிப்பணத்தைக் கொட்டுவது நியாயமா? நிறைய சுற்றுலாப் பயணிகளை வரவழைத்தால் பணப் பிரச்சினையே இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நுழைவுச்சீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் வரவும் குறைவாகத் தெரியும், செலவும் குறைவாகத் தெரியும். வெளியூர்ப் பயணி தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் கொடுப்பது சீட்டின் விலையைப் போலப் பல மடங்கு. அந்தக் காசு வாசலுக்கு வெளியே போய்விடுகிறது. பராமரிப்பு மட்டும் சின்னத்தின் தலையில் விழுகிறது. நஷ்டக் கணக்கில் நிற்கும் ஒரு சின்னம் ஊருக்கே படியளந்துகொண்டிருக்கலாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது செலவுப் பக்கம். பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் பழையவை. 1940இல் கண்டெடுக்கப்பட்ட குகை 1948இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வந்தவர்கள் யாரும் எதையும் தொட்டுக் கெடுக்கவில்லை, மூச்சுவிட்டார்கள், அவ்வளவுதான். மூச்சுக்காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப்பாசி படர்ந்தது. 1963இல் குகையை மூடினார்கள். விற்ற ஒவ்வொரு சீட்டும் மூலதனத்திலேயே கைவைத்துக்கொண்டிருந்தது. எந்த வரவு செலவு ஏட்டிலும் அது தேய்மானமாக எழுதப்படவில்லை. 1983இல் பக்கத்திலேயே ஒரு நகல் குகையைத் திறந்தார்கள். நகல்தானே என்று யாரும் ஒதுங்கவில்லை, லட்சக்கணக்கில் வந்து பார்த்தார்கள். அசலை மூடியும் அந்த வட்டாரத்தின் பிழைப்பு நின்றுவிடவில்லை.

இத்தாலியின் வெனிஸில் தேய்ந்தது ஊரே. 1950களின் தொடக்கத்தில் பழைய நகரத்தில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள்; இன்று 50,000 பேர்கூட இல்லை. குடித்தனக்காரருக்கு விடுவதைவிடப் பயணிக்கு விடுவதில் வாடகை அதிகம் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2024 முதல் கூட்டம் மிகும் நாள்களில் பகல்நேரப் பயணிகளிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கினார்கள். என் பார்வையில் அது மிகவும் தாமதம், மிகவும் குறைவு.

வரிப்பணம் பற்றிக் கேட்டீர்கள். எகிப்தின் அஸ்வான் உயர் அணையால் அபு சிம்பெல் உள்ளிட்ட நூபியக் கோயில்கள் நீரில் மூழ்கவிருந்தபோது, யுனெஸ்கோ 1960இல் உதவி கேட்டது. மீட்புப் பணிக்கு ஆன சுமார் 8 கோடி டாலரில் பாதியை 50 நாடுகள் கொடுத்தன. அந்த நாடுகளின் குடிமக்களில் பெரும்பாலோர் அங்கே ஒருபோதும் போகப்போவதில்லை. இருந்தும் அந்தக் கோயில்கள் பிழைத்திருக்க வேண்டும் என்று பணம் வந்தது. பொருளியலில் இதற்கு இருப்பு மதிப்பு என்று பெயர். எந்த நுழைவுச்சீட்டாலும் இதை வசூலிக்க முடியாது. எல்லாருக்கும் பொதுவான வரியில்தான் அதற்கு இடம் இருக்கிறது.

அதனால் வரிப்பணம் நியாயம் என்பதே என் பதில். கூடவே, வாசலுக்கு வெளியே சம்பாதிப்பவர்களிடமிருந்து தங்கல் வரியாக ஒரு பங்கு வாங்கி, அதைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதை அந்த இடத்தின் சுவரையும் காற்றையும் அளந்து பார்ப்பவர்கள் முடிவு செய்யட்டும். அந்த எண்ணிக்கையை நிதித்துறை தீர்மானிக்க விடக்கூடாது.

அன்புடன்