போர்டு இல்லாத ஊரில் டைவிங்

கேள்வி: சார், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். விடுமுறையில் சென்னையில் சித்தி வீட்டில் தங்கி, வேளச்சேரி நீச்சல் குளத்தில் டைவிங் கற்றேன். 3 மீட்டர் போர்டிலிருந்து முன்பக்கமாக ஒன்றரைக் கரணம் அடிப்பேன். கோத்தகிரியில் பழக போர்டு இல்லை. இரண்டரைக் கரணம் அடித்தால்தான் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கும் என்கிறாள் தோழி. அப்பாவோ, “தலைகீழா குதிக்கிறதுக்கு எவன் சீட்டு கொடுப்பான்?” என்கிறார். என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி.

பதில்: முதல் வேலையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். போர்டு இல்லையே என்று கேத்தரின் அருவிப் பக்கம், அணைப் பக்கம் போய்க் குதித்துப் பார்க்காதேம்மா. 3 மீட்டர் போர்டுக்குக் கீழே ஏறக்குறைய 4 மீட்டர், 10 மீட்டர் மேடைக்குக் கீழே 5 மீட்டர் என்று ஆழம் வைத்துக் குளம் கட்டுவது சும்மா இல்லை. அருவிக்கு அடியில் பாறை எங்கே இருக்கிறது என்று அந்த அருவிக்கே தெரியாது.

இரண்டரைக் கரணத்துக்கு என்ன அவசரம்? ஐந்து நடுவர்கள் இருந்தால் மேலே ஒரு மதிப்பெண், கீழே ஒரு மதிப்பெண் போக, மீதி மூன்றைக் கூட்டிக் கடின அளவால் பெருக்குவார்கள். பைக் நிலையில், அதாவது முழங்காலை மடக்காமல் இடுப்பில் மட்டும் மடிந்து, நீ அடிக்கும் ஒன்றரைக்கு 3 மீட்டரில் 1.6, இரண்டரைக்கு 2.4. ஒன்றரையைச் சுத்தமாக அடித்து ஆளுக்கு 8 வாங்கினால் 38.4. இரண்டரையில் தடுமாறி 5 வாங்கினால் 36தான். தோழியிடம் இந்தக் கணக்கைக் காட்டு.

குன்னூரில் பி.டி. மாஸ்டராக இருந்த நான் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆள். டைவிங்கில் பாதி எங்கள் சரக்குதான். போர்டில் கரணத்தை எப்படி விடுவது என்பதை உன் கோச்சிடமே கேள். தரையில் செய்வதற்கு நான் சொல்கிறேன். வயிறு சுவரைப் பார்க்கக் கைகளில் நில். பெரும்பாலான பிள்ளைகள் முதுகைச் சுவருக்குக் காட்டி நிற்பார்கள். அதில் இடுப்பு வளைந்துபோகும். காது இரண்டும் மேல்கைகளுக்கு நடுவே மறைய வேண்டும், விலா உள்ளே போக வேண்டும். அப்புறம், தண்ணீருக்குள் போகும் கைப்பிடி. ஒரு கை இன்னொன்றைப் பற்ற, உள்ளங்கை தட்டையாகத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். விரல் நுனியால் குத்திக்கொண்டு போனால் தண்ணீர் தெறிக்கும், மதிப்பெண்ணும் தெறிக்கும். நம் ஊர்க் காலைக் குளிரில் உடம்பைச் சூடாக்காமல் காலை நீட்டி மடக்க ஆரம்பிக்காதே. தொடைத்தசை பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் படுத்தும்.

அப்பா கேட்டதும் நியாயமான கேள்விதான். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. பல கலைக் கல்லூரிகளும் இடம் தருகின்றன. அங்கே பார்ப்பது நீ எத்தனை கரணம் அடித்தாய் என்பதை இல்லை, எந்த மட்டப் போட்டியில் என்ன இடம் வாங்கினாய் என்பதை. ஆகவே பள்ளிப் போட்டி, மாநிலப் போட்டி எதையும் விடாதே. சான்றிதழில் பெயரும் இனிஷியலும் மார்க் ஷீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடு. குன்னூரில் நல்ல ஓட்டக்காரன் ஒருவன் இந்த இனிஷியலால் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை.

கல்லூரிப் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதே. சீட்டு கிடைத்த ஊரில் டைவிங் போர்டு இல்லாவிட்டால் படிப்பு முடிவதற்குள் உன் டைவிங்கும் முடிந்துவிடும். வேளச்சேரிக்குத் தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்வரக்கூடிய கல்லூரிகளை மட்டும் எழுதி, இந்த லீவிலேயே அப்பாவோடு உட்கார்ந்து பேசு.